பகுதி நேரத் தலைவர்கள்

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரத்தில், கம்ப்யூட்டர் திரை வழியாகக் குடிமைத் தலைமைப் பயிற்சி தருவது இன்றைய பாணி. கூலி வேலைக்குப் போகும் பெண்களே தலைவர்களாக எழுந்த அட்டப்பாடி, இந்தப் பயிற்சியில் எது நிலைக்கும், எது உதிரும் என்பதைக் காட்டுகிறது.

ஆனைகட்டியில் இரண்டு மாநிலங்களைப் பிரிப்பது ஒரு சோதனைச் சாவடிதான். கிழக்கே கோயம்புத்தூர் மாவட்டம். மேற்கே கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி. 1990களிலிருந்தே அட்டப்பாடியில் மதுவுக்குத் தடை. ஆனால் தடை எல்லையோடு நின்றுவிடும், குடிப்பவர்களின் கால்கள் நிற்பதில்லை. தமிழ்நாட்டுப் பக்கத்து டாஸ்மாக் கடைக்குப் போன கூலிப்பணம் வீடு திரும்பவில்லை. 2016ல் அட்டப்பாடி ஆதிவாசிப் பெண்கள் எல்லைக்குத் திரண்டுவந்து போராட்டத்தில் இறங்கினார்கள். வேறொரு மாநிலத்தின் கடை. வேறொரு மாநிலத்தின் அதிகாரிகள். இருந்தும் கடை மூடப்பட்டது.

அந்தப் பெண்களின் அமைப்புக்குப் பெயர் தாய்க்குலச் சங்கம். தமிழ்நாட்டு மேடைகளில் கைதட்டலுக்காகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு போராட்டத்தின் பெயராக உயிரோடு இருக்கிறது.

பெங்களூரிலும் சென்னையிலும் மென்பொருள் நிறுவன ஊழியர்களுக்கும் வங்கி அதிகாரிகளுக்கும் இப்போது வேறுவிதமான அழைப்பு வருகிறது. வேலையை விட வேண்டாம். வாரத்தில் சில மணி நேரம் போதும். வீட்டிலிருந்தபடியே திரையில் வகுப்பு. சில மாதங்களில் பொதுவாழ்வுக்குத் தேவையான அறிவு கையில். பெங்களூரைச் சேர்ந்த தக்ஷசிலா நிறுவனம், பணியில் இருப்பவர்களுக்காகப் பொதுக்கொள்கை குறித்த 12 வாரச் சான்றிதழ்ப் படிப்பை இணையம் வழியாக நடத்துகிறது. இதே பாதையில் பல்வேறு அமைப்புகள் குடிமைத் தலைமைப் பயிற்சிகளைத் தொடங்கியிருக்கின்றன.

ஆனைகட்டியில் திரண்ட பெண்களுக்கும் இந்த வகுப்பில் சேரும் இளைஞர்களுக்கும் ஒரு விஷயம் பொது. இரு தரப்புக்கும் பொதுவாழ்வு முழுநேர வேலை அல்ல. பிழைப்புக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில்தான் அது நடக்க வேண்டும். அப்படியானால் தலைமையைப் பகுதி நேரமாகக் கற்றுத் தர முடியுமா? அதுவும் திரை வழியாக?

மண்ணார்க்காடு சாலையில் ஒரு பாடம்

முடியும் என்பதற்கான மிகப் பெரிய சாட்சி அட்டப்பாடியின் வாசலிலேயே இருக்கிறது. அகளியிலிருந்து மண்ணார்க்காடு போகும் சாலையில் முக்காலி என்ற இடம். அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குச் செல்பவர்கள் இங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். 1970களில் அங்கே குந்திப்புழையின் குறுக்கே 120 மெகாவாட் மின்சாரத்துக்காக அணை கட்டக் கேரள மின்வாரியம் தயாராக இருந்தது. மத்தியத் திட்டக் குழு 1973லேயே ஒப்புதல் தந்துவிட்டது. கட்சி வேறுபாடின்றி அரசியல்வாதிகள் அணையை ஆதரித்தார்கள்.

எதிர்த்தவர்களில் முக்கியமானது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். 1962ல் அறிவியல் எழுத்தாளர்கள் தொடங்கிய இந்த அமைப்பில் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களே ஏராளம். பகலில் பாடம், மாலையில் பரிஷத் வேலை. 1979ல் பரிஷத் வெளியிட்ட அறிக்கையை எழுதியவர்களின் பட்டியலே ஒரு செய்தி. எம்.கே. பிரசாத் தாவரவியல் பேராசிரியர். எம்.பி. பரமேஸ்வரன் அணுசக்திப் பொறியாளர். வி.கே. தாமோதரன் மின்பொறியியல் நிபுணர். கே.என். சியாமசுந்தரன் நாயர் வேளாண் அறிவியலாளர். கே.பி. கண்ணன் பொருளாதார அறிஞர்.

அவர்கள் காடு அழகானது என்று மட்டும் சொல்லவில்லை. மலபாருக்கு மின்சாரம் தேவை என்பதை ஒப்புக்கொண்டு, அந்த மின்சாரத்தை வேறு வழிகளில் பெற முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். காட்டைப் பற்றிய விவாதத்தை மின்வாரியத்தின் மொழியிலேயே நடத்தியதுதான் அதன் பலம். 1983ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இவர்களை உருவாக்கியது தலைமைப் பயிற்சி வகுப்பு அல்ல. தங்கள் தொழிலறிவைக் கொண்டுவந்து கொட்ட அவர்களுக்குக் குறிப்பிட்ட ஒரு பிரச்சினை இருந்தது. கூட்டாக வேலை செய்ய ஓர் அமைப்பு இருந்தது. இந்த இரண்டும் இல்லாமல் தலைமை என்பது வெறும் பாடத்தலைப்பு.

மளிகைக் கடையின் பின்னறை

இதே உண்மையை வேறு கண்டத்தில், வேறு மக்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு செய்ய, மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்று விதி இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கறுப்பினத் தொழிலாளர்களை ஓட்டுச்சாவடியிலிருந்து விலக்கிவைக்க அது வசதியான விதி.

ஜான்ஸ் தீவில் எசா ஜென்கின்ஸ் என்பவர் தொழிலாளர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போவார். போகும் வழியில் பஸ்ஸிலேயே அரசியல் சட்டப் பாடம் நடத்துவார். பிறகு அவரும், அரசுப் பள்ளி வேலையை இழந்த ஆசிரியை செப்டிமா கிளார்க்கும் சேர்ந்து 1957 ஜனவரியில் ஒரு மாலை வகுப்பைத் தொடங்கினார்கள். இடம், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறை. மாணவர்கள் 14 பேர். வயல் வேலை குறைவாக இருக்கும் குளிர்காலத்தில், வாரத்துக்கு இரண்டு மாலை. ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன் அழகு நிலையம் நடத்தியவர். அதற்கு முன் பாடம் நடத்தியதில்லை.

அவர் முதலில் கேட்ட கேள்வி, உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்பதுதான். பெயர் எழுத, மணியார்டர் படிவம் நிரப்ப, வாக்காளர் விண்ணப்பம் படிக்க என்று பதில் வந்தது. அதுவே பாடத்திட்டம் ஆனது. வகுப்பு முடிந்தபோது பெரும்பாலோர் வாக்காளர்களாகப் பதிவு செய்துகொண்டார்கள். 1961ல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இந்தத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. குடிமைப் பள்ளிகள் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் எங்கும் பரவின.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. வகுப்பின் நேரத்தை வயல் வேலைதான் நிர்ணயித்தது. கற்பவர்களின் தேவையே பாடம் ஆனது. பாடத்தின் கடைசிப் பக்கம் சான்றிதழ் அல்ல, பதிவு அலுவலகத்தின் கவுண்டர்.

செயற்கைக்கோள் வகுப்பு

திரை வழிப் பயிற்சி கொரோனா காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் 1990களின் கர்நாடகத்தை மறந்துவிடுகிறார்கள். 1993 ஏப்ரல் 24 அன்று 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு. திடீரென்று பல்லாயிரம் பெண்கள் உறுப்பினர்கள் ஆனார்கள். அவர்களில் பலர் பஞ்சாயத்து அலுவலகத்துக்குள் நுழைந்ததே இல்லை. அத்தனை பேரையும் மைசூருக்கு வரவழைத்துப் பயிற்சி தருவது நடக்கிற காரியமா?

கர்நாடக அரசு இஸ்ரோவின் உதவியை நாடியது. பயிற்சி மையங்களில் கூடிய பெண்கள் செயற்கைக்கோள் வழியே வந்த பாடத்தைத் திரையில் பார்த்தார்கள். சந்தேகங்களைத் தொலைபேசியில் கேட்டார்கள். படம் ஒரு வழி, பேச்சு இரு வழி. கைபேசி இல்லாத காலத்தில் அது பெரிய பாய்ச்சல்.

அந்த முறையில் இருந்த ஒரு நல்ல அம்சத்தை இன்றைய இணைய வகுப்புகள் இழந்துவிட்டன. அன்று பெண்கள் ஓர் அறையில் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவள் அடுத்த பஞ்சாயத்து உறுப்பினர். பாடம் முடிந்த பிறகும் அவர்கள் பேசிக்கொண்டார்கள். இன்று ஒவ்வொருவர் முகமும் ஒரு சின்னக் கட்டத்துக்குள். இணைப்பைத் துண்டித்தால் வகுப்பும் இல்லை, வகுப்புத் தோழரும் இல்லை.

கேரளத்தின் சோதனை

பகுதி நேரத் தலைமையை ஒரு மாநிலம் முழுவதும் சோதித்துப் பார்த்தது கேரளம். 1996 ஆகஸ்ட் 17ல் மக்கள் திட்டம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் போகும் என்று அரசு அறிவித்தது. பணம் வந்தது, திட்டம் தீட்டத் தெரிந்தவர்கள் பஞ்சாயத்தில் இல்லை. மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்ட அளவில் பலருக்கு, அவர்கள் கிராமங்களில் இன்னும் பலருக்கு என்று பயிற்சி படிப்படியாகக் கீழே இறங்கியது.

கிராமங்கள் தயாரித்த திட்டங்களைச் சரிபார்க்க அடுத்த ஆண்டு தன்னார்வத் தொழில்நுட்பக் குழு உருவானது. ஓய்வு பெற்றவர்களும் பணியில் இருப்பவர்களுமாகப் பொறியாளர்கள், மருத்துவர்கள், பேராசிரியர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். வாரத்தில் ஒரு நாளாவது பஞ்சாயத்துக்குத் தர வேண்டும் என்பது நிபந்தனை. பாசனக் கால்வாய்க்கான மதிப்பீடு சரியா, குடிநீர்த் திட்டத்தின் குழாய் அளவு போதுமா என்று அவர்கள் பார்த்துச் சொன்னார்கள். குடிமைத் தலைமையைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொற்பொழிவு நிகழ்த்தவில்லை. எதிரே கோப்பு இருந்தது, அதை முடிக்க வேண்டியிருந்தது.

அந்த ஏற்பாட்டின் நிலையான மிச்சம், 1990ல் திருச்சூர் அருகே முளங்குன்னத்துக்காவில் நிறுவப்பட்ட கிலா என்ற உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனம். 2020 டிசம்பர் தேர்தலில் வென்ற உறுப்பினர்களுக்குக் கொரோனா காரணமாக இந்நிறுவனம் திரை வழியாகவும் பயிற்சி தந்தது. பழங்குடி மேம்பாடு, இயற்கை வள மேலாண்மை ஆகியவற்றுக்கான அதன் மையம் இருக்கும் இடம் அகளி.

அகளியின் கணக்கு

பயிற்சி மையம் பக்கத்திலேயே இருந்தாலும் அட்டப்பாடியில் கணக்கு வேறு. அகளி, புதூர், ஷோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். பரப்பளவு 745 சதுர கிலோமீட்டர். இருளர், முடுகர், குறும்பர் வாழும் 192 ஊர்கள். 1951ல் மக்கள்தொகையில் சுமார் 90 சதவீதம் ஆதிவாசிகள். 2011 கணக்கெடுப்பில் அது 43 சதவீதம். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்தின் பிற பகுதிகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் பெரும்பான்மை ஆகிவிட்டார்கள். நிலம் கைமாறியதோடு பஞ்சாயத்தின் ஓட்டுக் கணக்கும் கைமாறியது. எனவே இங்கே ஆதிவாசித் தலைமை என்பது பேச்சுத் திறன் பற்றிய விஷயம் அல்ல. தங்கள் நிலத்தைப் பற்றிய முடிவில் தங்கள் குரல் இருக்குமா என்பதே கேள்வி.

இதற்கு ஒரு முயற்சி நடந்தது. ஜப்பான் கடனுதவியுடன் 219 கோடி ரூபாய்ச் செலவில், தரிசாகிப்போன மலைகளைப் பசுமையாக்கும் திட்டத்தை அஹாட்ஸ் என்ற அமைப்பு நிறைவேற்றியது. அதன் கீழ் ஊர்தோறும் ஊர் வளர்ச்சிக் குழுக்கள் உருவாயின. ஒப்பந்தக்காரர்களைத் தள்ளிவைத்துவிட்டு ஆதிவாசிகளின் குழுக்களே வீடு கட்டின, மண் அரிப்பைத் தடுக்கும் வேலைகளைச் செய்தன. கணக்கு எழுதவும், கூலி பட்டுவாடா செய்யவும், பொருள் வாங்கவும் ஊர்க்காரர்கள் வேலை செய்தபடியே கற்றுக்கொண்டார்கள். எந்த வகுப்பறையும் தர முடியாத பயிற்சி அது.

திட்டக் காலம் முடிந்ததும் நிதியும் நின்றது, குழுக்களும் ஓய்ந்தன. கற்றவர்கள் இருந்தார்கள், கற்றதைச் செய்ய மேடை இல்லை. 2013ல் அட்டப்பாடியின் சிசு மரணங்கள் நாடு முழுவதும் தலைப்புச் செய்தி ஆயின. ஊட்டச்சத்துக் குறைவால் தளர்ந்த தாய்மார்கள், எடை குறைந்த குழந்தைகள். அதிகாரிகளும் மந்திரிகளும் மலையேறினார்கள். 2014ல் குடும்பஸ்ரீ இங்கே தனித் திட்டம் தொடங்கி, ஊர், பஞ்சாயத்து, வட்டாரம் என மூன்று படிகளில் ஆதிவாசிப் பெண்களின் அமைப்பைக் கட்டியது. சிறுதானியச் சாகுபடியை மீட்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அஹாட்ஸ் ஓய்ந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு பாடம் தெளிவு. பயிற்சி ஒரு திட்டத்தின் வாலாக இருந்தால் திட்டத்தோடு அதுவும் போய்விடும். சட்டம் தந்த ஓர் அமைப்போடு பிணைந்திருந்தால் நிற்கும்.

அப்படிப்பட்ட அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. கேரளச் சட்டப்படி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கிராம சபை கூட வேண்டும். தொடர்ந்து இருமுறை கூட்டத் தவறும் வார்டு உறுப்பினர் பதவியையே இழக்கலாம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, நிலத்துக்கும் காட்டுக்குமான உரிமைக் கோரிக்கைகளை முதலில் பரிசீலிக்கும் பொறுப்பைக் கிராம சபைக்கே தருகிறது. சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர்; 2012 திருத்தத்தின்படி அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினராக இருக்க வேண்டும். விண்ணப்பத்தை எப்படிச் சரிபார்ப்பது, எல்லையை எப்படிக் குறிப்பது, தீர்மானத்தை எப்படி எழுதுவது? இவற்றைக் கற்றுத் தருவதுதான் இங்கே தலைமைப் பயிற்சி.

யாருக்கு வசதியான வகுப்பு?

இதைத் திரை வழியாகத் தர முடியுமா? ஓரளவு முடியும். ஆனால் மூன்று முட்டுக்கட்டைகளைத் தாண்ட வேண்டும்.

முதலாவது கூலி. மாதச் சம்பளக்காரருக்கு மாலை வகுப்பு இலவச நேரம். தினக்கூலிக்குப் போகும் வார்டு உறுப்பினருக்குப் பகல் வகுப்பு என்றால் அன்றைய கூலி போயிற்று. மாலை வகுப்பு என்றால் அடுப்பு காத்திருக்கிறது. அவருக்குப் பயிற்சி நாளுக்கான இழப்பீடு சலுகை அல்ல, அடிப்படைத் தேவை.

இரண்டாவது அலைவரிசை. 2020 ஜூனில் கேரளம் பள்ளிப் பாடங்களைத் தொலைக்காட்சி வழியே தொடங்கியபோது, மலை ஊர்களில் எத்தனை குழந்தைகளுக்கு டி.வி.யும் சிக்னலும் இல்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. புதூர் பஞ்சாயத்தின் காட்டுக்குள் இருக்கும் குறும்பர் ஊர்களுக்கு வீடியோ வகுப்பு என்பது நகரத்தின் கற்பனை.

மூன்றாவது மொழி. அரசின் கையேடுகள் மலையாளத்தில். இருளர் பேசுவது தமிழுக்கு நெருக்கமான இருள மொழி. குடியேறிய தமிழர்களுக்கு வீட்டு மொழி தமிழ். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969லிருந்தே வழிசெய்கிறது. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவர் தலைவர் அல்ல, சாட்சி. பாடம் அவரவர் பேச்சில் ஒலிவடிவில் இருந்தாலே பாதித் தடை விலகும். வீடியோவைவிட ஒலிப்பதிவுக்கு அலைவரிசையும் குறைவாகப் போதும்.

நகரத்துத் தொழில் வல்லுநர்களுக்கு வசதிக் குறைவு இல்லை. அவர்களிடம் இல்லாதது வேறு. கற்றதை வைத்துக்கொண்டு உட்கார ஒரு சபை. தமிழ்நாட்டில் நகரவாசிகளுக்கு அந்த வாய்ப்பு தாமதமாகத்தான் வந்தது. 2022ல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வெளியாயின. அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று பகுதி சபைகள் கூடின. கிராமங்களில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபைக் கூட்டங்கள். பொதுக்கொள்கை பற்றி 12 வாரம் படித்தவர், தன் தெருவின் மழைநீர் வடிகால் மதிப்பீட்டைப் பகுதி சபையில் ஒருமுறை கேட்டுப் பார்த்தால், படித்ததில் எது உதவும் என்பது அன்றே தெரிந்துவிடும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் மனு போட்டு 30 நாள் காத்திருப்பதும் ஒரு பாடம்தான்.

நல்ல பயிற்சியை அடையாளம் காண, அதன் பாடத்திட்டத்தைப் புரட்ட வேண்டியதில்லை. முடிவில் பயிற்சியாளர் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். சான்றிதழ் மட்டும் இருந்தால் அது சுயவிவரத்துக்கு ஒரு வரி. ஒரு தீர்மானமோ, சரிபார்த்த மதிப்பீடோ, பதில் வந்த மனுவோ இருந்தால் அது தலைமை.

2025 டிசம்பரில் நடந்த தேர்தலில் கேரளத்தின் 23,000க்கும் மேற்பட்ட வார்டுகளுக்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்கள். பாதி இடங்கள் பெண்களுக்கானவை. அட்டப்பாடியின் மூன்று பஞ்சாயத்துகளிலும் அவர்களுக்கு இருப்பது ஐந்து ஆண்டுகள்; அதாவது ஒரு வார்டுக்கு இருபது கிராம சபைகள். முதல் கூட்டத்துக்கு முன்பே பயிற்சி, அவர்கள் மொழியில், கூலி இழப்பின்றிக் கிடைத்தால் இருபதும் அவர்களுடையவை. கற்றுக்கொள்வதற்குள் எட்டோ பத்தோ கடந்துவிட்டால், அந்தக் கூட்டங்களின் தீர்மானங்களை வழக்கம்போல வேறு யாராவது எழுதிவைத்திருப்பார்கள்.